பிலிப்பைன்ஸ் உணவகத்தில் எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது? லோஸ் பான்யோஸ் போகிறவனுக்கு வழி சொல்லுங்கள்

ஆடுதுறை நெல்லன்:

அனைவருக்கும் வணக்கம். நெல் ஆராய்ச்சித் துறையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் பிலிப்பைன்ஸில் லோஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போகிறேன். சில மாதங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். ஐ.ஆர்.8 நெல் ரகம் 1966-இல் வெளிவந்த இடம், எம்.எஸ். சுவாமிநாதன் ஐயா 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த இடம் என்பதால் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சாப்பாடு ஒன்றுதான் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு துபாயில் இருக்கும் அண்ணன் என்னைக் கராமாவில் ஒரு பிலிப்பைன்ஸ் உணவகத்துக்கு அழைத்துப் போனார். இறால் போட்ட சினிகாங் என்ற புளிப்புச் சூப், வினிகரில் வேகவைத்த கோழி அடோபோ, கடல் உணவு போட்ட கரே-கரே, ஸ்பகெட்டி ஆகியவற்றை வாங்கினோம். ஸ்பகெட்டி இனித்தது. கரே-கரே வெறும் நிலக்கடலைக் கூழாக, உப்புச்சப்பில்லாமல் இருந்தது. சின்னக் கிண்ணம் ஒன்றில் இளஞ்சிவப்பாக ஏதோ கொண்டுவந்து வைத்தார்கள். வாடை ஒத்துவராமல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டோம். அடோபோவும் சினிகாங்கும் பரவாயில்லை. ஆனால் அதற்காக இன்னொரு முறை போகத் தோன்றவில்லை.

நான் மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடும் பன்றியும் வேண்டாம். கூட வருகிறவர் கோயம்புத்தூர்க்காரர், முட்டையும் தொடாத சைவர். ஏற்கெனவே அங்கே போய் வந்த ஒருவர், "புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு போ, அறையிலேயே பொங்கித் தின்றுகொள், வெளியே கால் வைக்காதே" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாட்டின் நெல்லைப் படிக்கப் போய்விட்டு, அந்த நெல்லை அந்த மக்கள் எதோடு சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் திரும்ப எனக்கு மனம் வராது. அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மகிலிங் மலையடி:

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரரின் வேலை காரணமாகப் பல வருடங்களாக லோஸ் பான்யோஸில்தான் குடித்தனம்.

ஓரமாகத் தள்ளினீர்களே, அந்தக் கிண்ணம்தான் கரே-கரேயின் உப்பு. அதன் பெயர் பகோஓங். நம் ஊரில் சென்னாக்கூனி என்கிறோமே, அந்தப் பொடி இறாலை உப்புப் போட்டு நொதிக்கவிட்டு, பூண்டோடு வதக்கியது. அது மேசைக்கு வரும் என்று தெரிந்துதான் சமைக்கிறவர் குழம்பில் உப்பை அடக்கிப் போடுகிறார். ஒரு வாய் சோறு, குழம்பில் கிடக்கும் வாழைப்பூவோ கத்தரிக்காயோ ஒரு துண்டு, அதன் மேல் கடுகளவு பகோஓங். இப்படிச் சாப்பிடத்தான் அதைச் சமைக்கிறார்கள். ஊறுகாயைத் தொடாமல் தயிர்சாதத்தைக் குறை சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இந்த நாட்டு உணவகங்களில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அடுப்படியில் சமையல் முடிவதில்லை. மேசையில் வினிகர், சோயா சாஸ், பாத்தீஸ் என்ற மீன்சாறு, கலமன்சி என்ற சின்ன எலுமிச்சை, சிலிங் லபூயோ என்ற ஊசிமிளகாய் எல்லாம் இருக்கும், அல்லது கேட்டால் தருவார்கள். அவரவர் நாக்குக்கு ஏற்றபடி சின்னத் தட்டில் கலந்து, தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். இதைச் சவ்சாவன் என்கிறார்கள். வறுத்த மீனுக்குப் பூண்டு நசுக்கிய வினிகர், சுட்ட மீனுக்கும் கோழிக்கும் சோயாவும் கலமன்சியும், சூப்புக்குப் பாத்தீஸ். நம்மவர்கள் பலர் இங்கே வருகிறார்கள், தட்டில் வந்ததை அப்படியே உண்கிறார்கள், "சப்பென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எவ்வளவு நுணுக்கமான சமையல் இது!

சினிகாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புளிதான் அடிப்படை. நாம் பழம்புளியைக் கரைக்கிறோம். இவர்கள் பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து, சாற்றை வடித்துச் சேர்க்கிறார்கள். அதனால் புளிப்பு வெளிச்சமாக, கூர்மையாக இருக்கும். சில ஊர்களில் புளிக்குப் பதிலாகக் கொய்யா, சில இடங்களில் பிலிம்பிக்காய். முள்ளங்கி, காராமணிக்காய், கத்தரி, கங்கோங் கீரை, சாறு சற்றுக் கெட்டிப்பட ஒரு துண்டு சேப்பங்கிழங்கு. நீளமான பச்சை மிளகாய் ஒன்றிரண்டு முழுதாக மிதக்கும். நம்மவர்கள் அந்த மிளகாயைக் கறிவேப்பிலைபோல ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள். அதை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து, கரண்டியின் முதுகால் நசுக்கி, பாத்தீஸ் கொஞ்சம் ஊற்றிக் கலக்குங்கள். இறாலை உரித்து அதில் ஒரு முனை தொட்டு, சாறு ஊற்றிய சோற்றோடு வாயில் போடுங்கள். புளிப்பும் உப்பும் மிளகாயின் பச்சை மணமும் சேர்ந்து வரும்போது, அதுவரை குடித்த சூப் வேறு என்று தோன்றும். பருப்பையும் தாளிப்பையும் மட்டும் அதில் தேட வேண்டாம்.

வெறுமனே "சினிகாங்" என்று கேட்டால் பெரும்பாலும் பன்றிதான் வரும். "சினிகாங் நா ஹிபோன்" என்றால் இறால், "சினிகாங் நா பங்கூஸ்" என்றால் பால்கெண்டை. பால்கெண்டையில் முள் அதிகம். முள் நீக்கிய வயிற்றுப் பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். அடோபோவும் அப்படியே, கோழி என்று அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்து மாகாணமான பத்தாங்காஸ் பாணியில் சோயா சாஸ் இல்லாமல் மஞ்சள் போட்ட அடோபோ ஒன்று உண்டு. எங்கேனும் கிடைத்தால் விடாதீர்கள். இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் சிசிக்கின் மணத்துக்கு மயங்கிக் கேட்டுவிடாதீர்கள், அது பன்றித் தலை. ஆங்கெலெஸ் நகரில் லூசிங் குனானன் என்ற அம்மையார் 1970-களில் பிரபலமாக்கியது. அமெரிக்கர்களின் கிளார்க் விமானத் தளத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பன்றித் தலைகளிலிருந்து எழுந்த சமையல் என்பார்கள். பால்கெண்டையில் செய்த சிசிக் பல உணவகங்களில் இருக்கிறது, அது உங்களுக்கு ஆகும்.

இனி இடம். பல்கலைக்கழக வாசலை ஒட்டி, பத்தோங் மலாக்கே பகுதியில், லோபெஸ் அவென்யூவிலும் அதைச் சுற்றியும் மாணவர்களுக்கான கரிண்டேரியா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுகளோ, மூடிய சட்டிகளோ வரிசையாக இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து, கையைக் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. பரிமாறுகிறவரை அண்ணன் என்றால் "குயா", அக்கா என்றால் "ஆத்தே" என்று கூப்பிடுங்கள். சாறு தனியாகக் காசில்லாமல் தருகிற கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நேரம் முக்கியம். காலையிலேயே சமைத்து வைத்துவிடுவார்கள். பதினொன்று, பதினொன்றரைக்குப் போனால் எல்லாம் புதிதாக இருக்கும். தேங்காய்ப்பால் போட்டதையும் மீனையும் மதியமே சாப்பிட்டுவிடுங்கள். மாலையில் போக நேர்ந்தால் வினிகர் போட்டுச் சமைத்த அடோபோ, பாக்சியூ போன்றவற்றை மட்டும் கேளுங்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இந்த வெயிலுக்கு உணவு கெடாமல் இருக்கத்தான் வினிகரில் வேகவைக்கிற பழக்கம் இங்கே இவ்வளவு ஆழமாக வேரூன்றியது. அடோபோ மறுநாள்தான் நன்றாக ஊறி ருசிக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

உங்களுக்காக இன்னும் இரண்டு. ஒன்று சினம்பாலுகான்: கோழியை இஞ்சியோடும் புளியங்கொழுந்தோடும் வேகவைத்த சாறு. நம் ஊரில் இவ்வளவு புளியமரம் இருந்தும் கோழியில் கொழுந்தைப் போட நமக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் வியந்ததுண்டு. இன்னொன்று பத்தாங்காஸின் சினாயிங் நா துலிங்கான்: சின்னச் சூரை மீனை அழுத்தித் தட்டையாக்கி, மண்சட்டியில் வாழையிலை விரித்து, காய்ந்த பிலிம்பிக்காயும் உப்பும் சேர்த்து மணிக்கணக்கில் இளந்தீயில் வேகவைப்பது. அடியில் தேங்கும் சாற்றைச் சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். முள்கூட மெத்தென்று ஆகிவிடும்.

கோயம்புத்தூர்த் தோழருக்குக் கொஞ்சம் சிரமம்தான், மறைக்கவில்லை. காய்கறி என்று பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே கூனியோ மீன்சாறோ இறைச்சித் துண்டோ இருக்கும். பாகற்காய், வெண்டை, பூசணி போட்ட பினாக்பெத்தில் பகோஓங். தேங்காய்ப்பாலில் சேப்பிலை வேகவைத்த லாயிங்கில் கருவாடு அல்லது கூனி. முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயற்றுச் சாற்றில் சுட்ட மீனோ பன்றித்தோல் வறுவலோ. ஆகவே அவர் ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளட்டும்: "வாலாங் கார்னே, வாலாங் இஸ்டா, வாலாங் பகோஓங், வாலாங் பாத்தீஸ் போ." இறைச்சி, மீன், கூனி, மீன்சாறு எதுவும் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னதாகும். வெறும் "வெஜிடேரியன்" என்றால் கோழியை மட்டும் எடுத்துவிட்டு இறாலை விட்டுவைப்பார்கள்; அவர்கள் மேல் தப்பில்லை, இங்கே அந்தப் பழக்கம் அரிது.

அவருக்கு நான் மனதார வழிமொழிவது குலாவோ. இது எங்கள் லகூனா மாகாணத்துச் சொத்து. லோஸ் பான்யோஸுக்குத் தெற்கே தென்னை சூழ்ந்த சான் பாப்லோ பக்கம் நன்றாகச் செய்வார்கள். துருவிய தேங்காயைக் குவித்து, சிவக்கக் கனன்ற கரித்துண்டை அதன் நடுவே வைக்கிறார்கள். தேங்காய் பொசுங்கிப் புகைகிறது. கிளறிவிட்டு, கரியை நீக்கி, வினிகர் தெளித்துப் பிசைந்து பிழிந்தால் சாம்பல் நிறத்தில் பால் இறங்குகிறது. அதில் வேகவைத்த வாழைப்பூவையோ சுட்ட கத்தரிக்காயையோ வெங்காயத்தோடு சேர்க்கிறார்கள். புகை, புளிப்பு, தேங்காய் இனிப்பு மூன்றும் ஒரே வாயில். வாழைப்பூவைப் பொரியலாகவும் வடையாகவும் மட்டுமே தின்று வளர்ந்த எனக்கு, இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று இருந்தது. இறாலோ பன்றியோ சேர்க்கிறவர்களும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்ற நாள்களில் சுட்ட கத்தரிக்காய் சாலட், டோஃபு வறுவல், காலையில் கூவிக்கொண்டு வரும் தாஹோ என்ற இனிப்பான மென் டோஃபு, சர்க்கரையோடு பொரித்த வாழைப்பழம் என்று சமாளிக்கலாம்.

தாவோ மருத்துவ மாணவன்:

அக்கா எழுதியதைப் படித்தே பசித்துவிட்டது. தெற்கே மிந்தனாவ் தீவில் உள்ள தாவோ நகரில் எங்களைப் போலத் தமிழ் மாணவர்கள் நிறைய இருக்கிறோம். பெரும்பாலானோர் விடுதியில் நம் ஊர்ச் சமையலைத்தான் சாப்பிடுகிறார்கள். நான் வெளியே சாப்பிடுகிறவன்.

ஒரு விஷயத்தில் அக்காவோடு மாறுபடுகிறேன். வந்த முதல் வாரமே கரிண்டேரியா வேண்டாம். ஆறிய சாப்பாடு, பழகாத எண்ணெய், புதுத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் வயிறு தாங்காது. முதலில் மாங் இனாசால் கிளையில் தொடங்குங்கள். 2003-இல் இலோயிலோ நகரில் ஆரம்பித்து இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. எலுமிச்சைப்புல், கலமன்சி, வினிகரில் ஊறிய கோழியை உங்கள் கண்முன் கரியில் சுட்டுத் தருவார்கள். வாழையிலைத் துண்டின் மேல் சோறு. அளவில்லாச் சோறு என்று கேட்டால் ஊழியர் சோற்று வாளியோடு சுற்றி வருவார், கையை உயர்த்தினால் போதும். மேசையில் இருக்கும் மஞ்சள் நிறக் கோழி எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசையுங்கள். வினிகர், சோயா, ஊசிமிளகாய் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். கையால் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொடைக் கறியையே கேளுங்கள், நெஞ்சுக் கறி வறண்டு போகும்.

மிந்தனாவ் பக்கம் வர வாய்த்தால் கினிலாவ் சாப்பிடாமல் போகாதீர்கள். புதுச் சூரை மீனைத் துண்டு போட்டு, வினிகரில் இஞ்சி, வெங்காயம், மிளகாயோடு கலந்து தருவது. அடுப்பே ஏறாது. மீன் இறங்கும் கடற்கரை ஊர்களில் மட்டும் சாப்பிடுங்கள். பச்சை மீனா என்று தயங்கினால் சூரையின் தாடையைக் கரியில் சுட்டது இருக்கிறது. உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு, எலும்பு இடுக்கில் இருக்கும் சதைதான் ருசி.

காயல் கப்பலோட்டி:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கப்பல் வேலையில் மணிலாவுக்கு வந்து போகிறவன். "பிலிப்பைன்ஸ் சாப்பாட்டில் காரமே இல்லை" என்று யார் சொன்னாலும் மணிலாவின் கியாப்போ பகுதிக்குப் போகச் சொல்வேன். 1976-இல் கட்டிய தங்க மசூதியைச் சுற்றி மிந்தனாவிலிருந்து வந்த மரனாவ் மக்களின் கடைகள் இருக்கின்றன. எல்லாம் ஹலால், பன்றி என்ற பேச்சே இல்லை. அவர்களுடைய உயிர் பாலாபா. வெள்ளைத் தண்டுள்ள ஒரு வகைச் சின்ன வெங்காயம், இஞ்சி, ஊசிமிளகாய் மூன்றையும் இடித்து வைப்பது. அதோடு தேங்காயும் மஞ்சளும் சேர்த்துக் கோழி வைத்தால் பியாபாரான். நம் நாக்குக்கு அறிமுகமே தேவையில்லாத ருசி. வாழையிலையில் சோற்றைப் பொதிந்து மேலே கோழித் துருவல் வைக்கும் பாஸ்தில் காலைப் பசிக்குக் கச்சிதம். தம்பி மாடு சாப்பிடுவதில்லை என்பதால் ரெண்டாங் கேட்கும்போது மட்டும் கவனம்.

ஆடுதுறை நெல்லன்:

நன்றி என்று ஒரு சொல்லில் முடித்துவிட மனமில்லை. அக்கா, அந்த வினிகர் வரியைத் தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பெரிய உணவகங்களின் பட்டியலை இணையத்தில் பார்த்தேன், ஒவ்வொரு உணவும் நான்கு பேருக்கான அளவு என்று போட்டிருக்கிறது. ஒருவர் இருவராகப் போனால் என்ன செய்வது? பில் கேட்பது, டிப்ஸ் கொடுப்பது எப்படி?

மகிலிங் மலையடி:

நண்பருக்குக் கொடுத்தது வினிகர் வரி இல்லை தம்பி, பாத்தீஸ் வரி. வினிகர் அவருக்கு ஆகும். கள்ளிலிருந்தும் கரும்பிலிருந்தும் நிப்பா பனையிலிருந்தும் எடுத்த வினிகர் விதவிதமாக இருக்கிறது, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தென்னங்கள் வினிகரில் மிளகாயும் பூண்டும் ஊறவைத்த புட்டி ஒன்றை அறையில் வைத்துக்கொண்டால் அவருக்குப் பல நாள்கள் கைகொடுக்கும். வாங்கும்போது மீன்சாறு கலக்காததா என்று மட்டும் பாருங்கள்.

அளவைப் பற்றி நீங்கள் பார்த்தது சரி. இங்கே குடும்பமாக, அலுவலகக் கூட்டமாகப் போய் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் முறை. கரே-கரேயும் சினிகாங்கும் சட்டி நிறைய வரும். பயிற்சிக்கு வந்த மற்ற நாட்டவர்களையும் கூட்டிக்கொண்டு நான்கைந்து பேராகப் போங்கள். ஒரு புளிப்பு, ஒரு தேங்காய்ப்பால் அல்லது கடலைக்குழம்பு, ஒரு சுட்டது, எல்லோருக்கும் தனித்தனிக் கிண்ணச் சோறு. அதற்கு மேல் வாங்கினால் மீந்துபோகும். தனியாகப் போவதென்றால் மணிலாவில் மானாம் என்ற உணவகத்தின் கிளைகளில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் தருகிறார்கள். அங்கே தர்பூசணி போட்ட மாட்டு சினிகாங் பெயர் பெற்றது. நீங்கள் இறால் சினிகாங்கைக் கேளுங்கள். ரோஹாஸ் பூல்வார்டில் உள்ள, 1936-இல் தொடங்கிய அரிஸ்டோகிராட் உணவகத்தில் கரியில் சுட்ட கோழியும் மஞ்சள் நிறச் சோறும் ஒரு தட்டாகவே கிடைக்கும், ஒருவருக்குச் சரியாக இருக்கும். நிலக்கடலை சாஸ் கூட வரும், அதைத் தள்ளி வைக்காதீர்கள்!

மருத்துவத் தம்பி சொன்னதை மறுக்கவில்லை, முதல் வாரம் இனாசாலில் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் சுட்ட கோழியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த நாட்டுச் சமையல் சாற்றிலும் குழம்பிலும் கீரையிலும்தான் இருக்கிறது, அதெல்லாம் கரிண்டேரியாவில்தான் தினமும் வேகிறது.

பில் வேண்டுமென்றால் கையை உயர்த்தி, இரண்டு சுட்டுவிரல்களாலும் காற்றில் ஒரு கட்டம் வரையுங்கள், அல்லது "பில் அவுட் போ" என்று சொல்லுங்கள். பெரிய உணவகங்களில் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். 2019-இல் வந்த சட்டப்படி அது முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும், மேலாளர்களுக்குப் பங்கில்லை. அதனால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில்லறையை விட்டுவிட்டு வந்தால் நல்லது. கரிண்டேரியாவில் அந்தப் பழக்கமே இல்லை, சாப்பிட்ட தட்டைக் காட்டிக் காசு கொடுத்தால் முடிந்தது. அங்கே பெரிய நோட்டை நீட்டாதீர்கள், சில்லறைக்குத் திண்டாடுவார்கள்.

வந்து இறங்கியதும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள். சான் பாப்லோவுக்குக் குலாவோ சாப்பிட நானும் வருகிறேன். சனி, ஞாயிறு மதியம் மணிலாக்காரர்கள் வந்து இடத்தை நிறைத்துவிடுவார்கள், வார நாளில் ஒரு விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது.